உளவுக்காக எழுதிய ஏடு: அகிரா ஹயாமியும் ஜப்பானியக் கிராமங்களின் குடிக்கணக்கும்

பதினேழாம் நூற்றாண்டு ஜப்பானில் ஒரு குடியானவர், தாம் கிறித்தவர் அல்லர் என்பதை ஆண்டுதோறும் நிரூபிக்க வேண்டியிருந்தது. 1614இல் கிறித்தவத்துக்கு நாடு முழுவதும் தடை வந்தது. 1637-38இல் ஷிமபாராவில் வெடித்த கலகத்தில் கிறித்தவக் குடியானவர்கள் பெருந்திரளாகக் கலந்துகொண்டதும் நாட்டை ஆண்ட டோக்குகவா ஷோகன்களின் சந்தேகம் முற்றிவிட்டது. ஒவ்வொரு குடும்பமும் ஏதாவது ஒரு பௌத்தக் கோயிலின் கணக்கில் இருந்தாக வேண்டும். 'இவர் எங்கள் கோயிலைச் சேர்ந்தவர்' என்று அந்தக் கோயில் சான்று தர வேண்டும். ஊர்த்தலைவர் அதை வீடு வீடாக எழுதி, ஒரு படியை மேலிடத்துக்கு அனுப்பிவிட்டு மறுபடியைத் தம் வீட்டில் வைத்துக்கொள்வார். 1671இல் இந்த ஏற்பாடு நாடு முழுவதற்கும் பொதுவாயிற்று. 'ஷூமோன்' பதிவேடு என்று பெயர்.

கண்ணுக்குத் தெரிந்த கிறித்தவர்கள் இல்லாமல் போன பிறகும் ஏடு எழுதுவது நிற்கவில்லை. 1870ஐ ஒட்டிய ஆண்டுகள் வரை அது தொடர்ந்தது. எந்த அரசாங்கத்திலும் ஒரு படிவம் பிறந்துவிட்டால் அதைச் சாகடிப்பது எளிதல்ல.

மதத் துரோகியைப் பிடிக்க விரித்த இந்த வலையில், இருநூறு ஆண்டுக் காலச் சாமானியர்களின் பிறப்பும் திருமணமும் பிழைப்புத் தேடிய பயணமும் சாவும் சிக்கிக் கிடந்தன. வரலாற்றாசிரியர்களுக்கு இந்த ஏடுகள் இருப்பது தெரியும். இதை வைத்து என்ன கேட்கலாம் என்பதுதான் தெரியவில்லை. அந்தக் கேள்வியைக் கண்டெடுத்தவர் அகிரா ஹயாமி.

1929இல் டோக்கியோவில் பிறந்த ஹயாமி, கெய்யோ பல்கலைக்கழகத்தில் படித்து முடித்ததும் ஷிபுசாவா கெய்சோ நிறுவிய மக்கள் பண்பாட்டு ஆய்வு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கடலோர ஊர்களின் பழைய ஆவணங்களைத் திரட்டிப் படியெடுப்பது அங்கே நடந்த வேலை. பின்னாளில் ஜப்பானிய இடைக்கால வரலாற்றில் பெரும் பெயர் பெற்ற அமினோ யோஷிஹிகோவும் அங்கிருந்தார். அந்தத் திட்டத்துக்கு ஒரு சங்கடமான பின்கதை உண்டு. மீனவ ஊர்களில் இரவல் வாங்கிய ஆவணங்கள், பணம் நின்றுபோனதால், திருப்பித் தரப்படாமலே கிடந்தன. அவற்றை உரியவர்களிடம் ஒப்படைக்க அமினோ பல பத்தாண்டுகள் கழித்து ஊர் ஊராக அலைந்தார். 1999இல் அதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். பழைய காகிதத்தோடு பழகுகிறவர் எவருக்கும் அந்த நூல் உறுத்தும்.

போருக்குப் பிந்திய ஜப்பானில் வரலாற்றுத் துறை மார்க்சியர்களின் செல்வாக்கில் இருந்தது. டோக்குகவா காலக் குடியானவர் என்றால் வரிச்சுமையில் நசுங்கியவர், பஞ்சத்தில் செத்தவர், பிள்ளையைப் பெற்றுக் கொன்றவர் என்பதே ஏற்றுக்கொள்ளப்பட்ட சித்திரம். ஹயாமிக்கு அது போதவில்லை. ஆனால் மாற்றுச் சித்திரம் வரையக் கையில் கருவி இல்லை. 1963இல், போர்ச்சுகலுக்கும் ஜப்பானுக்கும் இடையிலான பழைய வணிகத்தை ஆராய லிஸ்பன் சென்றார். அந்த ஆராய்ச்சி பெரிதாக எங்கும் போகவில்லை. ஆனால் அந்த ஐரோப்பிய வாசத்தில்தான், பெல்ஜியத்தின் கென்ட் நகரில் தங்கியிருந்தபோது, பிரெஞ்சு மக்கள்தொகையியலாளர் லூயி ஆன்ரியின் முறை அவர் கண்ணில் பட்டது.

ஆன்ரி தொடங்கிய இடம் வம்சாவளிதான். ஜெனீவா நகரத்துப் பழங்குடும்பங்கள் தங்கள் பரம்பரையைப் பெருமையாக அச்சிட்டு வைத்திருந்தன. அந்தக் குடும்பங்களின் மக்கள்தொகை வரலாற்றை ஆன்ரி 1956இல் நூலாக வெளியிட்டார். எந்த வயதில் மணந்தார்கள், எத்தனை பெற்றார்கள், எப்போது நிறுத்தினார்கள் என்பதெல்லாம் அதில் வந்தது. ஆனால் அவர்கள் வசதி படைத்தவர்கள். வம்சாவளி எழுதிவைக்க வசதியில்லாதவர்தான் எந்த நாட்டிலும் பெரும்பான்மை. அடுத்து எத்தியேன் கோத்தியேயுடன் சேர்ந்து நார்மண்டியில் க்ருலே என்ற சிற்றூரின் தேவாலயப் பதிவேடுகளை எடுத்துக்கொண்டார். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று தனித்தனியாகக் கிடந்த குறிப்புகளைப் பெயர் பார்த்துப் பொருத்தி, ஊரின் குடும்பங்களை ஒவ்வொன்றாக மறுபடி கட்டி எழுப்பினார். 1958இல் வந்த அந்தச் சிறு நூல் ஒரு துறையையே தொடங்கிவைத்தது.

தன் வேரைத் தேடுபவர் தன்னிடமிருந்து தொடங்கித் தந்தை, பாட்டன், முப்பாட்டன் என்று மேலே ஏறுவார். பிள்ளையில்லாமல் இறந்த சித்தப்பா, நகரத்துக்குப் போய்த் திரும்பாத அத்தை இவர்களெல்லாம் அவர் பாதையில் குறுக்கிடுவதில்லை. ஆன்ரியும் ஹயாமியும் செய்தது ஊர் முழுவதற்குமான வம்சாவளி. அதில் அற்றுப்போன கிளைக்கும் தழைத்த கிளைக்கும் ஒரே மதிப்பு. இந்த வேறுபாடு சிறியதாகத் தெரியலாம். ஹயாமியின் முக்கியமான முடிவுகள் எல்லாம் இதிலிருந்துதான் வந்தன.

ஊர் திரும்பிய ஹயாமி ஷூமோன் ஏடுகளைத் திறந்தார். ஐரோப்பியத் தேவாலயப் பதிவேட்டில் இல்லாத ஒன்று இதில் இருந்தது. தேவாலய ஏடு நிகழ்ச்சிகளைத்தான் சொல்லும். ஒரு பெண் ஞானஸ்நானத்துக்குப் பிறகு ஊரிலேயே இருந்தாளா, வேறெங்கோ போய்விட்டாளா என்று சொல்லாது. ஷூமோன் ஏடோ ஆண்டுதோறும் ஊரில் இருப்பவர்களின் முழுப் பட்டியல். இன்ன ஆண்டில் இத்தனை பேர் இருந்தார்கள், அவர்களில் இத்தனை பேர் மணந்தார்கள், இத்தனை பேர் இறந்தார்கள் என்று விகிதம் கணக்கிட முடியும். மக்கள்தொகை ஆய்வில் இது பெரிய வரம்.

ஒரு வீட்டின் பதிவு ஏறக்குறைய இப்படி இருக்கும். முதலில் கோயிலின் பெயர். பிறகு குடும்பத் தலைவரின் பெயர், வயது. அடுத்து மனைவி, பல ஏடுகளில் அவளுக்குப் பெயர் கிடையாது, 'மனைவி' என்று மட்டும் இருக்கும், கணவன் இறந்தால் அடுத்த ஏட்டில் 'தாய்' ஆகிவிடுவாள். பிறகு பிள்ளைகள், கூட இருக்கும் உறவினர், வேலையாட்கள். இன்னார் மகள், இன்ன ஊரிலிருந்து மருமகளாக வந்தவள், இன்ன ஊருக்கு வேலைக்குப் போயிருக்கிறான், இறந்தான் என்ற குறிப்புகள் சேரும். சில ஊர்களில் மாடும் குதிரையும்கூடக் கணக்கில் வரும்.

சிக்கல்களும் உண்டு. குடும்பத் தலைமை கைமாறும்போது மகன் தன் பெயரை விட்டுவிட்டுத் தந்தையின் பெயரை ஏற்பது வழக்கம்; ஆகவே ஒரே பெயர் நூறு ஆண்டுகள் தலைமையில் இருப்பதுபோல் தோன்றும். ஆண் வாரிசு இல்லாத வீட்டில் மருமகனையே மகனாக எடுத்துக்கொள்வார்கள். வீட்டின் பெயர் தொடரும், ஆண்வழி இரத்தம் தொடராது. வயதும் நம் கணக்குப்படி அல்ல: பிறந்ததும் ஒரு வயது, புத்தாண்டு பிறந்தால் எல்லோருக்கும் இன்னொரு வயது. ஆண்டுக் கடைசியில் பிறந்த குழந்தை சில நாட்களிலேயே இரண்டு வயது ஆகிவிடும்.

இவற்றைவிடக் கடினமானது வேறொன்று. ஏடு ஆண்டுக்கு ஒருமுறைதான் எழுதப்பட்டது. அது எழுதி முடித்த பிறகு பிறந்து, அடுத்த ஏட்டுக்கு முன்பே இறந்த குழந்தை எந்த ஏட்டிலும் இல்லை. பிறந்த தடயமும் இல்லை, இறந்த தடயமும் இல்லை. ஐரோப்பியப் பாதிரியார் குழந்தை பிறந்த சில நாட்களில் ஞானஸ்நானம் தந்து பெயர் எழுதிவிடுவார். அங்கே குழந்தைகள் பிடிபடுகிறார்கள், இடம்பெயர்ந்த பெரியவர்கள் நழுவுகிறார்கள். ஜப்பானில் நேர்மாறு. ஆகவே ஷூமோன் ஏட்டிலிருந்து எடுத்த பிறப்பு விகிதம் என்பது, முதல் பதிவு வரை பிழைத்த குழந்தைகளின் விகிதம்தான். இதை மறந்தவர்கள் ஜப்பானியக் குடியானவர்களின் 'குறைந்த கருவளம்' பற்றி அளவுக்கு மீறி எழுதிவிட்டார்கள்.

வேலை கையால் நடந்தது. ஏடுகளை மைக்ரோஃபிலிமில் படம் எடுப்பது, எழுத்துச் சிதைவுகளைப் படித்தெடுப்பது, பிறகு அகலத் தாளில் படியெடுப்பது. ஹயாமி குழுவின் அடிப்படைத் தாளில் குடும்பத்தின் ஆட்கள் கீழ்வரிசையாகவும் ஆண்டுகள் குறுக்குவரிசையாகவும் இருக்கும். ஒரு பெண்ணின் வரியில் விரலை ஓட்டினால் அவள் வளர்வதும், வேலைக்குப் போவதும், திரும்புவதும், வேறு வீட்டின் தாளுக்கு மாறுவதும் தெரியும்.

முதலில் அவர் எடுத்துக்கொண்டது இன்றைய நகானோ மாநிலத்தின் சுவா பகுதி. அங்குள்ள யோகோவுச்சி என்ற ஊரின் ஏடுகள் 1671இலிருந்தே கிடைத்தன. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் அந்தப் பகுதி வீட்டில் சராசரியாக ஏழு பேரை ஒட்டி இருந்தார்கள். இருநூறு ஆண்டுகளில் அது ஐந்துக்கும் கீழே இறங்கியது. வழிவழி வேலையாட்களும் மணமாகாத உறவினர்களும் அடங்கிய பெரிய வீடுகள் உடைந்து, கணவன், மனைவி, பிள்ளைகள், வயதான பெற்றோர் என்ற சிறு வீடுகளாயின. முன்பு மணம் செய்ய வழியில்லாதிருந்த கடைநிலை ஆட்களும் மணந்து குடும்பம் ஆனார்கள். அந்தப் பகுதியின் மக்கள்தொகை ஏறியதற்கு அது ஒரு முக்கியக் காரணம். கூட்டுக் குடும்பம்தான் ஆதியிலிருந்து இருந்தது, நவீன காலம் வந்துதான் அதை உடைத்தது என்று நாமும் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். சுவாவில் அந்த உடைப்பு ரயிலும் ஆலையும் வருவதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே நடந்தது.

ஆனால் ஹயாமியின் ஊர் என்று எனக்குத் தோன்றுவது நிஷிஜோதான். மினோ நாட்டின் தாழ்வான சமவெளியில், இன்றைய கிஃபு மாநிலத்தில் இருந்த சிற்றூர். 1773 முதல் 1869 வரை 97 ஆண்டுகளின் ஏடுகளும் ஓர் ஆண்டுகூட விடுபடாமல் கிடைத்தன. அதோடு, வேலை தேடிப் போனவர்கள் எங்கே போனார்கள், எப்போது திரும்பினார்கள், ஏன் திரும்பவில்லை என்று அந்த ஊர்த்தலைவர்கள் விடாமல் எழுதியிருந்தார்கள். பதினோரு வயதைத் தாண்டிய ஆண்களில் பாதிப் பேரும், பெண்களில் பத்தில் ஆறு பேரும் வாழ்வில் ஒருமுறையாவது வெளியூர் வேலைக்குப் போயிருக்கிறார்கள். கியோத்தோ, ஒசாகா, நகோயா என்று போனார்கள். நிலத்தோடு கட்டிப்போடப்பட்ட குடியானவர் என்ற சித்திரம் இந்த ஒரே ஊரில் தகர்ந்துவிட்டது.

வேலைக்குப் போன பெண்கள், போகாதவர்களைவிட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் தாமதமாக மணந்தார்கள். இருபது, இருபத்தொரு வயதில் நடக்க வேண்டியது இருபத்தைந்தைத் தாண்டி நடந்தது. அந்த ஐந்து ஆண்டில் பிறக்காத குழந்தைகள்தான் ஊரின் மக்கள்தொகையைக் கட்டுக்குள் வைத்தன. போனவர்களில் பெரும்பாலோர் குத்தகைக் குடும்பத்துப் பெண்கள். நிலம் உள்ள வீட்டுப் பெண்கள் முன்கூட்டி மணந்து அதிகம் பெற்றார்கள். விளைவு: குத்தகைக் குடும்பங்கள் பல வாரிசின்றி அற்றுப்போயின. அந்த வெற்றிடத்தில் நிலக்காரர் வீட்டு இளைய மகன்கள் கிளைக் குடும்பமாகப் பிரிந்து வந்து அமர்ந்தார்கள். தலைமுறைக்குத் தலைமுறை மேலிருந்து கீழே மனிதர்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

வேர் தேடுபவர்களுக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. 'எங்கள் முன்னோர் பெரிய நிலக்காரர்கள்' என்று சொல்லாத குடும்பம் உலகில் குறைவு. பெருமைக்காக இட்டுக்கட்டியது என்று நாம் சிரிக்கிறோம். நிஷிஜோவில் அது பலருக்கு உண்மையாகவே இருந்திருக்கும். ஏழையின் வம்சம் தொடராததால்தான் உண்மை.

நகரத்துக்குப் போனவர்களில் பலர் அங்கேயே இறந்தார்கள். நகரத்தை ஹயாமி குழியானைப் பூச்சிக்கு ஒப்பிட்டார்: அது மணலில் குழி பறித்துக் காத்திருக்கிறது, விழுந்தவர் மேலே ஏறுவதில்லை. இதன் தடம் நாட்டின் மொத்தக் கணக்கிலும் தெரிந்தது. ஷோகன் யோஷிமுனே 1721இல் தொடங்கிய நாடு தழுவிய கணக்கெடுப்பு 2 கோடியே 60 லட்சம் பேரைக் காட்டியது. சாமுராய் வகுப்பும் வேறு சிலரும் அதில் சேரவில்லை. 1846 வரை அந்த எண் பெரிதாக மாறவில்லை. இந்தத் தேக்கத்துக்குப் பழைய விளக்கம் பஞ்சம், வறுமை. ஹயாமி பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்தார். எடோவும் (இன்றைய டோக்கியோ) ஒசாகாவும் கியோத்தோவும் அமைந்த வளமான பகுதிகளிலும் தேக்கமும் சரிவும் இருந்தன. மேற்கு ஜப்பானில் மக்கள் பெருகியிருந்தார்கள். நாட்டின் சராசரி இரண்டையும் மறைத்துவிட்டது.

குழந்தைக் கொலைப் பிரச்சினையில் அவரோடு நான் முழுதாக உடன்படவில்லை. பிந்திய மணமும் பிரிந்திருத்தலும் குறைந்த பிறப்பைப் பெருமளவு விளக்கிவிடும் என்ற பக்கம் அவர் சாய்ந்தார். அதே மினோ நாட்டின் இன்னொரு ஊரை, 'நகஹாரா' என்ற புனைபெயர் தந்து, அமெரிக்க வரலாற்றாசிரியர் தாமஸ் ஸ்மித் 1977இல் ஆராய்ந்தார். பெண் பிள்ளைகள் அதிகமிருந்த வீட்டில் அடுத்துப் பதிவாவது ஆணாகவும், ஆண்கள் அதிகமிருந்த வீட்டில் பெண்ணாகவும் இருக்கும் போக்கை அவர் கண்டார். இயற்கை அப்படிச் சமன் செய்யாது. பெற்றோர் செய்திருக்கிறார்கள். ஏட்டில் எழுதப்படாத அந்தச் சில மாதங்களில்தான் அது நடந்தது. வரலாற்றாசிரியர் ஃபேபியன் டிரிக்ஸ்லர் 2013இல் கிழக்கு ஜப்பான் முழுவதையும் எடுத்துக்கொண்டு இதை இன்னும் விரிவாகக் காட்டினார். வறுமை மட்டும் அதற்குக் காரணமாக இருக்கவில்லை. நசுங்கிய குடியானவர் என்ற பழைய சித்திரத்தைக் கலைக்கும் ஆர்வத்தில் ஹயாமி இந்த இருட்டைச் சற்று வெளிச்சமாக்கிவிட்டார் என்றே நினைக்கிறேன்.

அவருக்கு உலகப் பெயர் தந்த கருத்தைப் பற்றியும் எனக்கு அதே தயக்கம். நிஷிஜோ அமைந்திருந்த நோபி சமவெளியில் பதினேழாம் நூற்றாண்டுக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கும் இடையே மக்கள் பெருகினார்கள், மாடும் குதிரையும் பாதியளவுக்குக் குறைந்தன, விளைச்சலோ கூடியது. விலங்கின் உழைப்பை மனித உழைப்பு ஈடு செய்தது என்று வாதிட்டு, 1976இல் அதற்கு 'உழைப்புப் புரட்சி' என்று பெயர் வைத்தார். இங்கிலாந்தின் தொழிற்புரட்சிக்கு எதிர்வரிசையில் நிற்கும் சொல். பொருளாதார வரலாற்றாசிரியர் யான் டி விரீஸ் 1990களில் அதை எடுத்து ஐரோப்பியக் குடும்பங்களின் நுகர்வாசைக்குப் பொருத்தினார். அதன் பிறகு அது உலகம் சுற்றியது. ஆனால் பதிவேடு எத்தனை தலை, எத்தனை மாடு என்றுதான் சொல்கிறது. எத்தனை மணி நேரம் உழைத்தார்கள், விரும்பி உழைத்தார்களா, வேறு வழியில்லாமலா என்று அது சொல்லவில்லை. நிஷிஜோவில் எதையும் விரலை வைத்துக் காட்டிய ஹயாமி, இங்கே எண்ணிலிருந்து குணத்துக்குத் தாவிவிட்டார்.

1989இல் கெய்யோவை விட்டுக் கியோத்தோவில் உள்ள சர்வதேச ஜப்பானியவியல் ஆய்வு மையத்துக்குப் போன ஹயாமி, 1995 முதல் ஐந்தாண்டுகள் யூரேசியத் திட்டம் ஒன்றை நடத்தினார். ஸ்வீடன், பெல்ஜியம், இத்தாலி, சீனத்தின் லியாவ்நிங், ஜப்பான் ஆகிய இடங்களின் சிற்றூர்ப் பதிவேடுகளை ஒரே கேள்வியோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள்: தானிய விலை ஏறினால் வீட்டில் யார் சாகிறார்கள், யார் பிறக்காமல் போகிறார்கள்? மேற்கில் முன்யோசனை, கிழக்கில் பஞ்சச்சாவு என்ற மால்தஸின் பழைய பிரிவினை இந்த ஒப்பீட்டில் தாக்குப்பிடிக்கவில்லை. ஜப்பானுக்குள்ளேயே ஒரே முறை இல்லை. வடகிழக்கின் நீத்தா ஊரில் பெண்கள் பதினைந்து வயதை ஒட்டி மணந்தார்கள். தென்மேற்குக் கடலோரத்து நோமோவில் இருபத்தைந்தை ஒட்டி மணந்தார்கள், மணத்துக்கு முன் பிறந்த குழந்தைகளும் அங்கே நிறைய. 'ஜப்பானியக் குடும்பம்' என்று ஒன்று இருந்ததாகப் பேசியவர்களுக்கு இது போதிய பதில்.

இந்த ஆய்வுக்கு இன்னொரு முகமும் உண்டு. தீண்டத்தகாதோராக ஒதுக்கப்பட்டவர்களை டோக்குகவா கால ஏடுகள் பல இடங்களில் தனியாக எழுதின. அந்த ஏற்றத்தாழ்வை 1871இல் சட்டம் ஒழித்தது. ஆனால் அடுத்த ஆண்டு தயாரான நவீனக் குடும்பப் பதிவேட்டில் சில அலுவலர்கள் பழைய அடையாளத்தைக் குறித்து வைத்தார்கள். மணமகளின் பூர்வீகத்தையும் வேலைக்கு வருபவரின் பூர்வீகத்தையும் துப்பறிய அது பயன்பட்டது. கடைசியில் 1968இல் அந்தப் பதிவேட்டை யாரும் பார்க்க முடியாதபடி பூட்டிவிட்டார்கள். சாதி விசாரித்துப் பெண் கொடுக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மக்கள்தொகை ஆய்வாளருக்கு இரண்டு ஆண்டின் பதிவுகளை இணைக்கும் வரைதான் பெயர் தேவை. இணைந்துவிட்டால் பெயர் உதிர்ந்துவிடலாம். துப்பறிபவருக்குப் பெயர்தான் கடைசிச் சரக்கு.

ஹயாமியின் பிற்கால நூல்களில் முக்கியமான ஒன்று 2006இல் வந்தது. 1918 முதல் 1920 வரை ஜப்பானைத் தாக்கிய ஸ்பானிய ஃப்ளூ பற்றியது. அரசின் அறிக்கை 3 லட்சத்து 90 ஆயிரம் சாவுகளை ஒட்டிச் சொல்லியிருந்தது. வழக்கமான ஆண்டுகளைவிட எத்தனை பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று கணக்கிட்டும் வட்டாரச் செய்தித்தாள்களைப் புரட்டியும் ஹயாமி சுமார் நாலரை லட்சத்துக்கு வந்தார். 1923இன் கான்டோ நிலநடுக்கத்தில் ஒரு லட்சம் பேர் இறந்தது ஒவ்வொரு ஜப்பானியருக்கும் தெரியும். அதைப்போல் நான்கு மடங்கு பேரைக் கொன்ற காய்ச்சலை நாடே மறந்திருந்தது. 2009இல் அவருக்கு ஜப்பானின் உயரிய பண்பாட்டு விருது கிடைத்தது. 2019 டிசம்பரில், தொண்ணூறு வயதில் இறந்தார். சில மாதங்களில் கொரோனா வந்தது. அந்த நூலை நாடு மறுபடி தேடிப் படித்தது.

தமிழ் வாசகர் இங்கே கேட்கக்கூடிய கேள்வி, நம்மிடம் அப்படி என்ன ஏடு இருக்கிறது என்பது. இலங்கையில் டச்சுக் கம்பெனி பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதிய தோம்புகள் இருக்கின்றன. தலைத் தோம்பு ஆட்களையும் நிலத் தோம்பு காணியையும் குடும்பவாரியாகச் சொல்லும். எழுதிய நோக்கம் வரியும் ஊழியமும். குடும்ப அமைப்பை அறிய ஆய்வாளர்கள் இன்று அவற்றைப் புரட்டுகிறார்கள். தமிழ்நாட்டின் பழைய தேவாலயங்களில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவேடுகள் உண்டு; ஆன்ரி க்ருலேயில் படித்தது இதே வகை ஏட்டைத்தான். அவற்றைப் பொறுப்பில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆய்வாளர் யார் வந்து கேட்டாலும் மூல ஏட்டை இரவல் கொடுக்காதீர்கள். அங்கேயே உட்கார்ந்து படிக்கச் சொல்லுங்கள். ஆனால் அதற்கு முன், ஏட்டை மறுபடி கட்டடம் செய்ய அனுப்புவதற்கும் முன், ஒவ்வொரு பக்கத்தையும் விளிம்புக் குறிப்பு வெட்டுப்படாமல் படம் எடுத்து, இரண்டு வேறு இடங்களில் வைத்துவிடுங்கள்.